டர்போ டிராக் காருக்கு ஓட்டோ கியர்: முதலில் ஒயிலைப் பாருங்கள்

மெனுவல் கியரில் ஓடும் டர்போ காரில் ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் த்ரொட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு) மூடுகிறது. அந்தக் கண்ணிமைப்பொழுதில் டர்போவின் சுழற்சி தளர்ந்து பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) இறங்கிவிடும். கிளட்ச் மறுபடி பிடிக்கும்போது விழும் அடியைக் கியர்ப் பற்களும் புரொப் சாப்டும் பின் அக்சிலும்தான் வாங்க வேண்டும். 402 மீட்டர் நேர்ப் பாதையில் ஓடும் டிராக் ஓட்டத்தில் இது மூன்று தடவை நடந்தால், எஞ்சினில் எவ்வளவு வலு இருந்தும் நேரத்தில் அது தெரியாது. மெனுவலைக் கழற்றி ஓட்டோ கியர் பூட்டினால் முதல் மீட்டரிலிருந்து கடைசி மீட்டர் வரை த்ரொட்டில் திறந்தே இருக்கும். பூஸ்ட் அறுபடாது. புறப்படும்போது கொன்வேர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஒயில் வழியாக எஞ்சின் வலுவைப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) முறுக்கு விசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும். ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் அவ்வளவாக மாறாது.

பதிலுக்கு எடை கூடும், வலுவில் ஒரு பங்கு பம்பிலும் கொன்வேர்ட்டரிலும் போகும், அந்தப் பங்கு முழுவதும் சூடாக மாறும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கக் கராஜ்களில் ஓட்டோ பெட்டி எரிந்தால் "எஞ்சின் வலு கூடிப்போச்சு" என்பதுதான் முதல் பேச்சு. பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். ஒயில் அழுத்தம் போதாமல், கியரைப் பிடிக்கும் உராய்வுத் தகடுகள் வழுக்கியிருக்கும், அல்லது ஒயில் சூடேறிக் கெட்டிருக்கும், அல்லது ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கும். ஆகவே வேலையின் ஒவ்வொரு படியையும் ஒயிலின் பக்கம் நின்று பார்ப்பதே சரி.

இங்கே சொல்வது டொயோட்டா 1ஜேஸெட்-ஜிடிஇ எஞ்சினை வைத்து. 2,492 சிசி, தொழிற்சாலைக் கணக்கில் 280 பிஎஸ். இதற்கு நம் ஊரில் கைக்கு எட்டும் ஓட்டோ பெட்டி ஏ340இ குடும்பம்தான். ஜேஸெட் எஞ்சினோடு சேர்ந்தே வந்த பெட்டி என்பதால் பெல் ஹவுசிங் (பெட்டியின் முன் கூடு), பிளெக்ஸ் பிளேட் (எஞ்சினையும் கொன்வேர்ட்டரையும் இணைக்கும் மெல்லிய தகடு), ஸ்டார்ட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பெட்டி வாங்கும்போது எந்த வாகனத்திலிருந்து கழற்றியது என்று கேளுங்கள். அதே 340 பெயரில் நான்கு சக்கர இயக்க வாகனங்களுக்கு வந்த பெட்டியின் பின்பகுதி வேறு, அது காருக்கு உதவாது. பெட்டியோடு கொன்வேர்ட்டர், பிளெக்ஸ் பிளேட், அதன் இரு பக்க வளையங்கள், போல்ட்கள், த்ரொட்டில் கேபிள், வயர் கொத்து, டிப் ஸ்டிக் குழாய் எல்லாவற்றையும் ஒரே வாகனத்திலிருந்து வாங்க வேண்டும். இவற்றைப் பிறகு தனித்தனியாகத் தேடினால் பெட்டியின் விலையில் பாதி போய்விடும்.

அமெரிக்க டிராக் கார்களில் ஜிஎம் டிஎச்400 பெட்டி பெயர் பெற்றது. 2.48, 1.48, 1.00 என்று மூன்றே கியர், பலமான உடம்பு, ட்ரான்ஸ் பிரேக் (புறப்படும்வரை பெட்டியையே பூட்டிக் காரை நிறுத்தி வைக்கும் கருவி) பூட்ட வசதி. ஆனால் ஜேஸெட்டில் பூட்ட அடாப்டர் தகடும் தனிக் கொன்வேர்ட்டரும் வேண்டும், எல்லாமே கடல் கடந்து வர வேண்டும். எங்கள் கணிப்பில், 500 குதிரைவலுவைத் தாண்டாத காருக்கு ஒழுங்காகப் பிரித்துப் பூட்டிய 340 போதும். அதற்கு மேலே போக நினைப்பவர்கள் 340 இல் காசைக் கொட்டாமல் நேரே டிஎச்400 க்குப் போகலாம்.

பழைய பெட்டியை வாங்கும் முன் அடிச் சட்டியைக் கழற்றிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். சட்டியின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது வழமை. செம்பு நிறத் துகள் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. கறுப்புத் தூளும் கருகிய மணமும் இருந்தால் தகடுகள் போய்விட்டன. ஒயில் இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அந்தப் பெட்டியை இலவசமாகத் தந்தாலும் எடுக்கக் கூடாது. உராய்வுத் தகடுகளின் மேற்பூச்சு காகித இழையால் ஆனது, பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் பட்டால் ஒட்டு விடும். 2011 சனவரி வெள்ளம் போல ஒன்றில் நின்ற வாகனம் வெளியே எவ்வளவு துடைத்து வைத்திருந்தாலும், மூச்சுக் குழாய் வழியாகப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அடுத்து மல்டிமீட்டரால் சொலினொயிட்களை (ஒயிலைத் திருப்பிவிடும் மின் வால்வ்கள்) அளந்து பாருங்கள். கியர் மாற்றும் இரண்டு ஷிப்ட் சொலினொயிட்களும் கொன்வேர்ட்டரைப் பூட்டும் லொக்கப் சொலினொயிட்டும் 11 முதல் 15 ஓம் வரை காட்ட வேண்டும்.

இனிக் கணக்கு. ஆர்154 மெனுவல் பெட்டியின் முதல் கியர் 3.251, ஏ340இ யினது 2.804. டிஃப் (பின் அக்சிலின் கியர்) விகிதம் 3.73 என்று வைத்தால் மெனுவலில் மொத்தம் 12.1, ஓட்டோவில் 10.5. இதைப் பார்த்துவிட்டு டிஃப்பை மாற்ற ஓடுகிறார்கள். தேவையில்லை. கார் நகரத் தொடங்கும் கணத்தில் கொன்வேர்ட்டர் இரண்டு மடங்கு பெருக்கினால் அந்த 10.5 ஏறத்தாழ 21 ஆகிறது. பின் டயர்தான் தாங்காமல் சுற்றும்.

7,000 சுற்றில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால், 340 இன் விகிதப்படி (2.804 இலிருந்து 1.531) எஞ்சின் 3,820 சுற்றுக்கு விழ வேண்டும். பெரிய டர்போவுக்கு அது பள்ளம். ஆனால் கொன்வேர்ட்டரின் ஸ்டோல் (காரை நிறுத்தி வைத்து முழுவதும் மிதித்தால் எஞ்சின் எட்டி நிற்கும் சுற்று) 4,300 என்றால் எஞ்சின் அதற்குக் கீழே அதிகம் இறங்காது. கொன்வேர்ட்டர் வழுக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது விழுவது 4,570 வரைதான், அங்கே கவலையில்லை. நான்காம் கியர் ஓவர் டிரைவ், டிராக் ஓட்டத்தில் அதற்கு வேலையே இல்லை.

பெட்டியைவிடக் கொன்வேர்ட்டருக்கு அதிகம் யோசிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஸ்டோல் என்பது கொன்வேர்ட்டரில் பொறித்த மாறாத எண் என்று பலர் நம்புகிறார்கள். எஞ்சின் தரும் முறுக்கு விசை கூடினால் அதே கொன்வேர்ட்டரின் ஸ்டோலும் ஏறும். முறுக்கு விசையின் வர்க்க மூலத்துக்கு ஏற்ப ஏறும் என்பது கணக்கு. டர்போ காரில் இது பெரிய விடயம். பூஸ்ட் இல்லாமல் 2,800 இல் நிற்கும் கொன்வேர்ட்டர், முறுக்கு விசை இரண்டு மடங்கானால் 3,900 க்கு மேலே போய் நிற்கும். எனவே கொன்வேர்ட்டர் கட்டுபவரிடம் "நாலாயிரம் ஸ்டோல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எஞ்சின் அளவு, டர்போ எந்தச் சுற்றில் பூஸ்ட் கொடுக்கத் தொடங்குகிறது, புறப்படும் இடத்தில் வேண்டிய பூஸ்ட், காரின் எடை, டிஃப் விகிதம், டயர் உயரம், எந்தச் சுற்றில் கியர் மாற்றுகிறீர்கள் ஆகிய எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

இறுக்கமான கொன்வேர்ட்டரைப் போட்டால் டர்போ எழும்பும் சுற்றை எஞ்சின் எட்டாது. கோட்டில் நின்று எவ்வளவு மிதித்தாலும் பூஸ்ட் வராது, கார் சோம்பலாகப் புறப்படும். தளர்வானதைப் போட்டால் புறப்பாடு அழகாக இருக்கும், கடைசி நூறு மீட்டரில் எஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. இதை அளக்கலாம். டயர் விட்டம் 66 சென்றிமீட்டர், டிஃப் 3.73, மூன்றாம் கியர் 1.00 என்றால், 7,000 சுற்றில் வழுக்கலே இல்லாத கார் மணிக்கு 233 கிலோமீட்டர் போக வேண்டும். முடிவுக் கோட்டில் 213 தான் வந்தது என்றால் வழுக்கல் 8.6 வீதம். 5 முதல் 10 வீதம் வரை டிராக் கொன்வேர்ட்டரில் ஏற்கக்கூடியது. அதற்கு மேலே போனால் வலு ஒயிலைச் சூடாக்குவதில் போகிறது. வேகத்தில் டயர் சற்று வளரும் என்பதால், புரொப் சாப்டில் ஒரு சென்சர் வைத்து அதன் சுற்றை எஞ்சின் சுற்றோடு ஒப்பிடுவது இன்னும் துல்லியம்.

பூட்டும் வேலையில் பெரும்பாலான நாசம் நடப்பது கொன்வேர்ட்டர் உட்காரும் இடத்தில். முதலில் கிராங்கின் முனையில் மெனுவலுக்கான பைலட் பெயாரிங் இருந்தால் இழுத்து எடுங்கள், கொன்வேர்ட்டரின் மூக்கு அங்கேதான் நுழையும். பிளைவீல் போல்ட்களைப் பிளெக்ஸ் பிளேட்டுக்குப் போடக் கூடாது. அவை நீளம்; அடியில் முட்டி இறுகியது போலக் காட்டும், மெல்லிய தகடு தளர்ந்தே இருக்கும். பெல் ஹவுசிங்கை மையப்படுத்தும் இரண்டு டவல் பின்களும் கிராங்கோடு ஒரே மையத்தில் உள்ளனவா என்று டயல் கேஜால் பாருங்கள். 0.13 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் முன் சீலும் பம்ப் புஷ்ஷும் விரைவில் போகும்.

கொன்வேர்ட்டருக்குள் ஒரு லீட்டர் ஒயில் ஊற்றிவிட்டுப் பெட்டியில் ஏற்றுங்கள். அது மூன்று கட்டமாக இறங்கும்: இன்புட் சாப்டின் பற்கள், ஸ்டேட்டர் பற்கள், கடைசியாகப் பம்பை ஓட்டும் காதுகள். சுழற்றிச் சுழற்றித் தள்ளும்போது மூன்று தடவை "டக்" என்று விழுந்தால்தான் சரி. இரண்டு தடவையோடு நின்றுவிட்டால் பம்பின் காது பிடிக்கவில்லை. அந்த நிலையில் பெல் ஹவுசிங் போல்ட்களை இறுக்கினால் பம்ப் உடையும். இதைத் தவிர்க்க ஒரே ஒரு சோதனை போதும். பெட்டி எஞ்சினோடு முட்டி உட்கார்ந்த பின், கொன்வேர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், அதற்கும் பிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கித்தான் பெட்டியை எஞ்சினோடு சேர்க்க முடிகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். இடைவெளி 5 ஐத் தாண்டினால் ஒரே தடிப்பான வளையங்களை வைத்துக் குறைக்க வேண்டும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் உழவு மெசின் சாப்ட் கடையும் லேத்காரர்கள் இந்த வளையங்களை நூலளவு பிசகாமல் எடுத்துத் தருவார்கள்.

புரொப் சாப்டின் நீளம் மாறும். முன் யோக் முழுவதும் உள்ளே போன இடத்திலிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே நிற்கும்படி அளந்து வெட்டி, பலன்ஸ் பார்த்துப் பூட்டுங்கள். முன் ஜொயின்ட்டிலிருந்து 150 மில்லிமீட்டருக்குள் சாப்டைச் சுற்றி 6 மில்லிமீட்டர் தடிப்பு, 50 மில்லிமீட்டர் அகலமுள்ள இரும்பு வளையம் கட்டாயம். சாப்ட் முன்னால் உடைந்து ரோட்டில் குத்தினால் கார் தூக்கி எறியப்படும்.

இப்போது நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் இடம்: த்ரொட்டில் கேபிள். 340 பெட்டியில் இந்தக் கேபிளை "கிக் டவுன் கேபிள்" என்பார்கள், கியர் இறக்குவதற்கு மட்டும் என்று நினைப்பார்கள். தகடுகளைப் பிடிக்கும் ஒயில் அழுத்தத்தை எஞ்சினின் சுமைக்கு ஏற்ப உயர்த்துவது இந்தக் கேபிள்தான். த்ரொட்டில் பொடியை மாற்றிய கார்களில் இதைக் கொளுவ இடமில்லை என்று கட்டி விட்டுவிடுகிறார்கள். அப்போது 400 குதிரைவலுவை, மிதிக்காத நிலையின் அழுத்தத்தால் பிடிக்கச் சொல்கிறோம். ஒரே ஓட்டத்தில் தகடு கருகும். அளவு இதுதான்: த்ரொட்டிலை முழுவதும் திறந்து பிடித்தால், கேபிள் உறையின் முனைக்கும் உள்ளே நசுக்கிய குமிழுக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீட்டர். த்ரொட்டில் பொடியின் கொளுவி வட்டம் வேறு அளவென்றால் கேபிள் இழுபடும் தூரமும் மாறும். பழைய கொளுவியின் ஆரத்தை அளந்து அதே ஆரத்தில் புதிதாகச் செய்ய வேண்டும். பெட்டியின் சோதனைத் துளையில் 20 பார் வரை காட்டும் மீட்டர் பூட்டி, டி யில் ஐடிலிலும் ஸ்டோலிலும் அழுத்தத்தைப் பாருங்கள். ஸ்டோலில் குறைந்தது இரண்டு மடங்கு ஏறாவிட்டால் கார் வெளியே போகக் கூடாது.

மெனுவல் காரின் கணினிக்கு ஓட்டோ பெட்டியைத் தெரியாது. தனிக் கட்டுப்படுத்தி வாங்கலாம். டிராக் மட்டும் ஓடும் காருக்குச் சுவிட்ச்களும் போதும், ஏனெனில் கணக்கு எளிது: ஒன்றாம் கியருக்கு முதல் சொலினொயிட்டுக்கு மட்டும் 12 வோல்ட், இரண்டாம் கியருக்கு இரண்டுக்கும், மூன்றாம் கியருக்கு இரண்டாவதற்கு மட்டும், நான்காம் கியருக்கு எதற்கும் இல்லை. இதிலிருந்து ஒரு பிழையறி வழியும் கிடைக்கிறது. டி யில் போட்டால் கார் நான்காம் கியரில் செத்துப் புறப்படுகிறது, எல் (கீழ்க் கியர்) நிலையில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் பெட்டியில் பிழையில்லை, சொலினொயிட்களுக்கு மின் போகவில்லை. கல்லடி, காத்தான்குடி போன்ற கரையோரத்தில் உப்புக் காற்றால் கொனெக்டரின் பின்கள் பச்சை பூத்து இப்படி ஆவது வழமை. பிரித்துச் சுத்தம் செய்து மின் கிறீஸ் பூசுங்கள். பி, என் இரண்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் சுவிட்சையும் விட்டுவிடாதீர்கள். கியரில் நிற்கும் டிராக் கார் ஸ்டார்ட் ஆனால் முன்னால் நிற்பவருக்கு ஒதுங்க நேரமிருக்காது.

தொழிற்சாலைக் கணினி கியர் மாறும் கணத்தில் தீப்பொறியைச் சற்றுப் பின்தள்ளி முறுக்கு விசையைக் குறைக்கும். வேறு கணினி போட்டவர்கள் இதைத் தாங்களே அமைக்க வேண்டும். 10 பாகை பின்தள்ளல், 150 மில்லி விநாடி என்று தொடங்கிப் பாருங்கள். வால்வ் பொடியில் (ஒயிலைப் பங்கிடும் தொகுதி), தகடு பிடிக்கும் வேகத்தைத் தணிக்கும் அக்யுமுலேட்டர் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் கியர் விரைவாகப் பிடிக்கும். மெதுவாக, இதமாக மாறும் கியர் டிராக் காருக்கு நல்லதல்ல, அந்த இதம் முழுவதும் தகடு வழுக்குவதால் வருவது. பெட்டியைப் பிரித்துப் புதுத் தகடு போட்டால், பூட்டுமுன் குறைந்தது 15 நிமிடம் புது ஒயிலில் ஊற விடுங்கள்.

குளிர்விப்பு. கார் பிரேக்கில் நின்று எஞ்சின் 200 குதிரைவலு கொடுக்கும்போது, அந்த 150 கிலோவாட் முழுவதும் கொன்வேர்ட்டர் ஒயிலில் இறங்குகிறது. உள்ளே மூன்று லீட்டர் ஒயில் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் ஏறும். 80 பாகையில் தொடங்கினால் மூன்று விநாடியில் 170. ஒயிலுக்கு உகந்தது 80 முதல் 100 பாகை. 120 ஐத் தாண்டினால் அது வார்னிஷாகப் படியத் தொடங்கும், இன்னும் ஏறினால் சீல்கள் இறுகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் வெளிக்காற்றே 34 பாகையில் நிற்கும். கூலர் எவ்வளவு பெரிதானாலும் அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. தகடு அடுக்கிய கூலரும் தனி விசிறியும் வையுங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலரைக் கழற்றி விடுங்கள். கிணற்று நீர் ஊற்றி ஓடிய ரேடியேட்டர் உள்ளே அரித்துத் தண்ணீரை ஒயிலுக்கு விடுவதைத்தான் அதிகம் காண்கிறோம். லைன் 10 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்குக் குறையக் கூடாது. நெல் வெட்டும் மெசின்களுக்கு ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்தித் தரும் கடைகள் அம்பாறையில் உண்டு, கிளிப் போட்டு இறுக்குவதைவிட அவர்களிடம் அழுத்தி வாங்குங்கள். ஹோஸ் டர்போவின் டவுன் பைப்பிலிருந்து விலகி ஓட வேண்டும். சூடான பைப்பில் இந்த ஒயில் தெறித்தால் தீப்பிடிக்கும். மூச்சுக் குழாயையும் உயரத்துக்கு ஏற்றி ஒரு கேனில் விடுங்கள், புறப்படும் வேகத்தில் ஒயில் பின்னுக்கு ஓடி அதன் வழியாக வெளியேறும்.

ஒயில் நிரப்பும் முறை: டிப் ஸ்டிக்கில் பொறித்த ரக ஒயில் மட்டும். 4 லீட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, உடனே மேலும் ஊற்றுங்கள். கொன்வேர்ட்டரும் கூலரும் காலியாக இருந்திருந்தால் 7, 8 லீட்டர் வரை குடிக்கும். திரும்பி வரும் லைனைக் கேனில் விட்டால் ஐடிலில் 20 விநாடிக்கு ஏறத்தாழ ஒரு லீட்டர் விழ வேண்டும். குறைந்தால் கூலர் அடைத்திருக்கிறது. பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியர் நிலைக்கும் கொண்டுபோய்ப் பி க்குத் திரும்பி, ஒயில் 70 முதல் 80 பாகையில், எஞ்சின் ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும். கூட ஊற்றுவதும் கெடுதி, சுழலும் பாகங்கள் ஒயிலை நுரைக்க வைக்கும், நுரையில் அழுத்தம் நிற்காது.

ஸ்டோல் சோதனை 5 விநாடிக்கு மேல் வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள், முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. சோதனைக்குப் பின் என் னில் ஒரு நிமிடம் ஓட விட்டு ஒயிலை ஆற்றுங்கள். எண் எதிர்பார்த்ததைவிட மேலே போனால் தகடு வழுக்குகிறது, அல்லது அழுத்தம் இல்லை. மிகக் கீழே நின்றால் எஞ்சின் வலுவில்லை, அல்லது ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் போய்விட்டது. முழு த்ரொட்டில் ஓட்டத்தைப் பொது வீதியில் பார்க்க வேண்டாம். இரவு என்றாலும் மாடும் சைக்கிளும் வராத வீதி நம் மாவட்டங்களில் இல்லை. மூடிய ஓடுபாதைதான் இடம். கட்டுக்குருந்த போன்ற தூர இடத்துக்குக் காரைக் கொண்டுபோகும்போது பின் சக்கரம் உருள இழுத்துச் செல்லாதீர்கள். எஞ்சின் ஓடாமல் பம்ப் சுற்றாது, பெட்டிக்குள் ஒயில் ஏறாது, போய்ச் சேரும் முன்னரே புஷ்கள் எரிந்துவிடும். கேரியரில் ஏற்றுங்கள், இல்லையேல் புரொப் சாப்டைக் கழற்றுங்கள்.

340 இல் ட்ரான்ஸ் பிரேக் இல்லை என்பதால் கால் பிரேக்கில்தான் பூஸ்ட் ஏற்ற வேண்டும். அங்கே ஒரு சிக்கல். மனிபோல்டில் பூஸ்ட் வந்ததும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. சேமித்து வைத்த வெற்றிடத்தால்தான் கார் நிற்கிறது. பூஸ்டரின் ஒருவழி வால்வ் கசிந்தால் கார் கோட்டைத் தாண்டி ஊரும். டயரைச் சூடாக்குவது இரண்டாம் கியரில். முடிவுக் கோட்டைக் கடந்ததும் என் னுக்குத் தள்ளாமல் மூன்றிலேயே வைத்து வேகத்தை இறக்குங்கள். அடுத்த ஓட்டத்துக்கு முன் ஒயில் 90 பாகைக்கு இறங்கியதா என்று மீட்டரில் பாருங்கள். நாள் முடிவில் டிப் ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து நிறமும் மணமும் பார்த்து எழுதி வையுங்கள். மணம் மாறியிருந்தால் அன்றைக்கே சட்டியைக் கழற்றுங்கள்.